எடைக்குறைப்பு ஊசி

உண்டபின் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 என்னும் இயக்குநீரைப் போலச் செயல்பட்டு, இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்திப் பசியைக் குறைக்கும் மருந்து. வாரம் ஒருமுறை தோலுக்கடியில் போட்டுக்கொள்வது. முதலில் நீரிழிவுக்காக வந்தது. எடை குறைந்தது பின்னரே பெரிய செய்தியாயிற்று. செமாகுளுடைடு (வீகோவி), டிர்செபடைடு (மவுன்ஜாரோ) இரண்டும் பெயர்பெற்றவை. 68 வார ஆய்வொன்றில் செமாகுளுடைடு எடையைச் சராசரியாக 15 விழுக்காடு அளவுக்குக் குறைத்தது.

மவுன்ஜாரோ இந்தியாவுக்கு 2025 மார்ச்சில் வந்தது. அப்போது 2.5 மி.கி. குப்பி 3,500 ரூபாய், 5 மி.கி. 4,375 ரூபாய். மாதம் நான்கு குப்பி: முதலில் 14,000, அளவு கூடியதும் 17,500 ரூபாய். வல்லக்கோட்டையைச் சுற்றியுள்ள ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் ஆலைத் தொழிலாளர்களுக்கு இந்தக் கணக்கு கசந்தது. தொழிலாளர்களுக்கான இஎஸ்ஐ காப்பீட்டின் ஊதிய உச்சவரம்பே 2017 முதல் மாதம் 21,000 ரூபாயாகத்தான் இருந்தது. வாடகை, அரிசி, பள்ளிக் கட்டணம் எல்லாம் மிச்சத்தில் நடக்க வேண்டியிருந்தது! தேவையோ சிறிதல்ல: 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இந்தியாப் (ICMR-INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டில் நீரிழிவு 14.4 விழுக்காடு.

2025 ஜூனில் வந்த வீகோவியின் தொடக்க அளவு மாதம் 17,345 ரூபாயாக இருந்து, நவம்பரில் 10,850 ஆனது. செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமைக் காலம் 2026 மார்ச் வரை மட்டுமே இருந்தது. அதன்பின் தாங்களும் அதைத் தயாரித்து விற்க உள்நாட்டு நிறுவனங்கள் முன்கூட்டியே ஆயத்தமாயின.

குமட்டல், வாந்தி, மலச்சிக்கல் வழக்கமானவை. கணைய அழற்சி அரிது. மருத்துவர் சீட்டின்றி வாங்கக் கூடாது. ஓர் ஆய்வில், செமாகுளுடைடை நிறுத்தியவர்கள் இழந்த எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை ஓராண்டில் திரும்பப் பெற்றனர்.