இலண்டனில் ஒரு வரிசை வீடு

இலண்டன் மாநகரின் வடமேற்கே, பிரிம்ரோஸ் குன்றின் அருகில், கிங் ஹென்றி சாலை என்றொரு தெரு உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஈட்டன் கல்லூரிக்கு உரிய நிலத்தில் உருவான குடியிருப்பு அது. அங்குள்ள வரிசை வீடுகளுள் ஒன்று, நான்கு தளங்கள் கொண்ட 10ஆம் எண் வீடு. 1921, 1922ஆம் ஆண்டுகளில் அண்ணல் அம்பேத்கர் மாணவராக வாழ்ந்த இல்லம் அதுவே.

அவ்வீட்டின் பெருமையை அறிய வேண்டுமானால், அதற்கு முன் அவருக்கு மறுக்கப்பட்ட ஓர் அறையையும் நாம் அறிதல் வேண்டும். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தமையால், இலண்டன் படிப்பை இடையில் நிறுத்திப் பரோடா அரசுப் பணிக்கு அவர் வந்தார். அங்கே பார்சி விடுதி ஒன்றில் தம் சாதியை மறைத்துத் தங்க நேர்ந்தது. பதினோராம் நாள், தடியேந்திய கூட்டம் அவரை வெளியேற்றியது. மேனாட்டில் உயர்கல்வி கற்று வந்தவருக்குச் சொந்த நாட்டில் குடியிருக்க ஓர் அறை இல்லை!

அவர் சோர்ந்துவிடவில்லை. பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிச் சேமித்த பணம், கோலாப்பூர் அரசர் சாகு மகாராசரின் உதவி, நண்பர் நவல் பத்தேனா தந்த 5,000 ரூபாய்க் கடன் ஆகியவற்றோடு 1920இல் மீண்டும் கப்பலேறினார். பகலெல்லாம் பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் பயின்றார். 1921இல் எம்.எஸ்சி. பட்டமும், 1922இல் பாரிஸ்டர் தகுதியும் பெற்றார். ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வுக்காக 1923இல் டி.எஸ்சி. பட்டம் அவரை வந்தடைந்தது.

பல்லாண்டுகளுக்குப் பின், 2015இல் மகாராட்டிர அரசு அவ்வீட்டை முப்பது லட்சம் பவுண்டுக்கு மேல் விலை கொடுத்து வாங்கி நினைவகமாக்கியது. குடியிருப்பு வீடு குறைந்துபோகும் என்று கூறி, 2018இல் அப்பகுதி நகராட்சி அனுமதி மறுத்தது. மேல்முறையீட்டு விசாரணைக்குப் பின், 2020 மார்ச்சில் பிரிட்டிஷ் அமைச்சர் அனுமதி வழங்கினார். ஒரு காலத்தில் வாடகைக்குக் குடியிருந்த மாணவரின் நினைவு, அவ்வீட்டில் நிலையாகக் குடியேறிற்று.

இளைஞர்களே! பள்ளியின் பழைய சேர்க்கைப் பதிவேட்டைப் புரட்டும்போது, தந்தையின் கைந்நாட்டு இருந்த குடும்பத்தில் அடுத்த தலைமுறையின் கையொப்பத்தைக் காண்கிறேன். அதுவும் வரலாறே. நம் தெருவில் முதன்முதல் பள்ளிப் படிப்பை முடித்தவர் யார், எந்தக் குடிசையில், எந்த விளக்கொளியில் படித்தார் என்பதை முதியோரிடம் கேட்டு இன்றே எழுதி வையுங்கள். வீட்டுக்குப் பெருமை தருவது அதன் சுவரன்று; அதனுள் விழித்திருந்து படித்தவரின் உழைப்பே.