உருகாமலும் தேயும் பனி: கிளிமஞ்சாரோ தரும் பாடம்

கிழக்கு ஆப்பிரிக்காவின் கிளிமஞ்சாரோ உச்சியில் 1848-இல் பனியைக் கண்டதாக ஜெர்மானிய மதபோதகர் யோகன்னஸ் ரெப்மான் தெரிவித்தபோது, இலண்டன் புவியியலாளர் டெஸ்பரோ கூலி அதை ஏற்க மறுத்தார். நிலநடுக்கோட்டின் அருகே பனி எவ்வாறு நிலைக்கும் என்பது அன்றைய ஐயம். அப்பனி ஏன் மறைகிறது என்பது இன்றைய வினா.

1912-இல் ஏறத்தாழ 12 சதுர கிலோமீட்டர் பரவியிருந்த பனி, 1953-இல் 6.7 ஆகவும் 2000-இல் 2.6 ஆகவும் சுருங்கியது. புவி வெப்பமாதலின் அடையாளமாகவே இது உலகெங்கும் பேசப்பட்டது. ஆயினும் உச்சியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ மைனஸ் 7 டிகிரி செல்சியஸ். மேலும், இழப்பின் பெரும்பகுதி 1953-க்கு முன்பே நிகழ்ந்துவிட்டது.

இங்கே காற்றின் ஈரப்பதத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். உருகுநிலையிலுள்ள ஒரு கிலோ பனியை நீராக்க 334 கிலோஜூல் போதும். நீராகாமல் நேரே ஆவியாக்க, அதாவது பதங்கமாக்க, ஏறத்தாழ 2,830 கிலோஜூல் வேண்டும். வறண்ட காற்றில் வெயிலின் ஆற்றல் பதங்கமாதலில் செலவாவதால் உருகுதல் குறைகிறது. ஈரக்காற்றில் நிலைமை நேர்மாறு. ஒரு கிலோ நீராவி பனியின்மேல் நீராகப் படிந்தால், அது வெளிவிடும் உள்ளுறை வெப்பம் ஏழு கிலோவுக்கும் மேற்பட்ட பனியை உருக்கவல்லது.

அவ்வாறாயின் வறட்சி பனியைக் காக்க வேண்டுமன்றோ? காப்பதில்லை. வறட்சியில் மேகமும் புதுப்பனிப்பொழிவும் குறைகின்றன. பழைய பனியின் மங்கிய பரப்பு வெயிலை மிகுதியாக உறிஞ்சுகிறது. 1880 வாக்கில் கிழக்கு ஆப்பிரிக்கா வறண்ட காலநிலைக்கு மாறியதே பனியிழப்பின் முதற்காரணம் என்று 2004-இல் கேயோர்க் காசர் குழுவினர் வாதிட்டனர். லானி தாம்சன் குழுவினரோ, பனியின் மேலடுக்கில் அண்மைக்கால உருகலின் தடயங்கள் இருப்பதை 2009-இல் சுட்டினர்.

இவ்விவாதத்தைப் புவி வெப்பமாதலை மறுப்பதற்கான சான்றாகச் சிலர் எடுத்தாண்டனர். அது பிழை. கிளிமஞ்சாரோ ஒரு விதிவிலக்கு. ஆல்ப்ஸ் போன்ற மலைகளில் பனிப்பாறைகள் பின்வாங்குவதற்கு வெப்பமாதலே முதன்மைக் காரணம். அன்றியும், ஈரப்பதத்தைச் சுமந்துவரும் காற்றோட்டங்களும் கடல் வெப்பநிலையோடு பிணைந்தவை.

பருவக்காற்றின் ஈரம் தோயும் கிழக்கு இமயத்தையும் வறண்ட லடாக்கையும் ஒருங்கே கொண்ட இந்தியாவுக்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது. உருகிய பனி ஆற்றுக்கு நீராகிறது. பதங்கமான பனியோ காற்றோடு கலந்துவிடுகிறது. இரண்டையும் ‘உருகுதல்’ என்ற ஒரே சொல்லால் குறித்தால், ஆற்றுநீர்க் கணக்கே தவறிவிடும்.