உத்தரவுப் பெட்டியும் நொய்யல் நீரும்

மலைசார்ந்த நிலத்தைச் சேயோனுக்கு உரியதாக வகுத்தார் தொல்காப்பியர். அவ்வகுப்பு இன்றளவும் வாழ்வோடு ஒன்றி நிற்பது கொங்கு நாட்டில். சென்னிமலை, ஊத்துக்குளிக் கதித்தமலை, காங்கயத்தை அடுத்த சிவன்மலை எனக் குன்றுதோறும் குமரன் கோயில் கொண்டிருக்கிறான். அவற்றுள் சிவன்மலை, வரலாற்று மாணவருக்கும் கவிஞருக்கும் ஒருங்கே பாடம் சொல்லும் தலமாகும்.

சிவபெருமான் மேருவை வில்லாக வளைத்தபோது சிதறிய துண்டே இம்மலை என்பது தலபுராணம். பட்டாலியூர் எனும் பெயரால் இத்தலத்தைத் திருப்புகழில் பாடியவர் பதினைந்தாம் நூற்றாண்டின் அருணகிரிநாதர். புராணம் வடதிசை மேருவோடு இம்மலையை இணைக்கிறது. பாட்டோ தமிழோடு இணைக்கிறது.

எனினும், இத்தலத்தின் தனிச்சிறப்பு இங்குள்ள 'ஆண்டவன் உத்தரவுப் பெட்டி'யே. அன்பர் ஒருவர் தம் கனவில் முருகன் ஒரு பொருளைச் சுட்டியதாக வந்து சொல்வார். சன்னிதியில் பூக்கேட்டு, உத்தரவு கிடைத்தபின் அப்பொருள் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்படும். அடுத்த கனவு வரும்வரை அது அங்கேயே இருக்கும். மண் வைக்கப்பட்டதை நிலவிலை ஏற்றத்தோடும், தண்ணீர் வைக்கப்பட்டதை 2004ஆம் ஆண்டுச் சுனாமியோடும் சேர்த்துப் பேசுவோர் உளர். 'பொருள்' என்னும் ஒரு சொல்லே பண்டத்தையும் அர்த்தத்தையும் குறிக்கும் மொழி நம்முடையது. பெட்டியில் இருப்பது பண்டம். அதற்கு அர்த்தம் தருவோர் மக்கள்.

அவ்வாறாயின், தண்ணீரைக் கண்டவர் தொலைவிலுள்ள கடலை மட்டும் எண்ணியது ஏன் என்ற வினா எழுகிறது. மலையைச் சூழ்ந்த நிலத்தை நோக்குவோம். மேற்கே படியூர், அங்கு நீலப்பச்சைப் பெரில் கற்களை ஆங்கிலேயர் 1819-20ஆம் ஆண்டுகளில் வெட்டியெடுத்தனர். வடக்கே நொய்யற்கரையில் கொடுமணல். பதிற்றுப்பத்தின் 67, 74ஆம் பாடல்கள் சுட்டும் கொடுமணம் இவ்வூரே என்பது ஆய்வாளர் துணிபு. 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் மணிகள், இரும்புருக்கு உலைகள், தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகள் ஆகியவற்றோடு நூல் நூற்கும் தக்களிகளும் கிடைத்தன. ஆகவே, நூலும் தொழிலும் இவ்வட்டாரத்திற்குப் பனியன் ஆலைகளோடு வந்தவை அல்ல. ஈராயிரம் ஆண்டுத் தொடர்ச்சி அது.

அத்தொழிலையெல்லாம் தாங்கிய ஆறு நொய்யல். கொடுமணலுக்கு அருகிலேயே பாசனத்திற்கென 1992இல் எழுந்தது ஒரத்துப்பாளையம் அணை. அதில் தேங்கியதோ சாயக்கழிவு. கிணறுகள் உப்பேறின, வயல்கள் தரிசாயின. உழவர் நீதிமன்றம் சென்றனர். 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவை வெளிவிடாத சுத்திகரிப்பு முறையை ஏற்றவையே பின்னர் இயங்க இசைவு பெற்றன. ஆற்றை இழந்தவர் உழவர். ஆணையால் கூலியை இழந்தவர் தொழிலாளர். இருவரும் ஏறி வந்து கைகூப்புவது இம்மலையில்தான். ஒருவர் கேட்பது நீர். மற்றவர் கேட்பது வேலை. இரண்டில் ஒன்றைத் தருக என வேண்டும் நிலைக்கு ஒரு நாடு வந்தது வரலாற்றுத் துயரமன்றோ?

நம்பிக்கையை எள்ளுவது என் நோக்கமன்று. கல்வெட்டு அரசர் சொல்லியதைக் காட்டும். இப்பெட்டியோ எளிய மனிதரின் அச்சத்தையும் ஆசையையும் காட்டும். எந்நாளில் எப்பொருள் வைக்கப்பட்டது என்பதை முறையாகத் தொகுத்து, அவ்வாண்டுகளின் மழை, விலை, வேலைநிலை ஆகியவற்றோடு ஒப்பிட்டால், கொங்கு மக்களின் மனவரலாறு ஒன்று கிட்டும். பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம் இப்பணியை மேற்கொள்வது தகும். இனி அப்பெட்டியில் தண்ணீர் வைக்கப்படும் நாளில், நம் கவிஞர் பெருமக்கள் கடலைப் பாடுமுன் வடக்கே திரும்பி நொய்யலை ஒருமுறை நோக்குவாராக.