மணிக்கணக்கில் அடங்கிய சேவை: இந்திய உயர்கல்வியில் சமுதாயப் பணியின் வரலாறு (1937–2022)

1969 செப்டம்பர் 24 அன்று மத்திய கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 37 பல்கலைக்கழகங்களும் சுமார் 40,000 மாணவர்களுமாகத் தொடங்கிய அத்திட்டம், இன்று கல்லூரிகளிலும் மேல்நிலைப் பள்ளிகளிலும் ‘என்.எஸ்.எஸ்.’ என்ற பெயரில் எல்லாருக்கும் அறிமுகமானது. காந்தி நூற்றாண்டில் பிறந்ததால் அதைக் காந்தியக் கல்விச் சிந்தனையின் நேரடி வாரிசாகக் காட்டுவது வழக்கமாகிவிட்டது. அந்த வாரிசுரிமையை இக்கட்டுரை பாதிதான் ஏற்கிறது. சேவை என்பது கற்கும் வழியா, நாட்டுக்குச் செலுத்தும் கடனா, இளைஞரை ஒழுங்குபடுத்தும் ஏற்பாடா என்ற மூன்று கேள்விகள் 1937 முதல் 1969 வரை கல்விக் குழுக்களின் முன் இருந்தன. பின்னிரண்டுக்கும் நிர்வாக வடிவில் விடை கிடைத்தது. முதற்கேள்வி வழியிலேயே கைவிடப்பட்டது. திட்டம் சேவையை அளக்கக் கற்றுக்கொண்டது, சேவையின் வழியே நிகழும் கற்றலை அளக்கவில்லை என்பதே இங்கு நிறுவ முயலும் கருத்து.

வார்தாவிலிருந்து கிராமிய நிறுவனங்கள் வரை

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாடு, ஜாகிர் உசேன் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. யாழ்ப்பாணத்தவரான ஆரியநாயகம் அதன் அமைப்பாளர். தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பாவும் கே.ஜி. சையிதைனும் உறுப்பினர்கள். அக்குழு வகுத்த ஆதாரக் கல்வியில் கைத்தொழில் என்பது பாடவேளைகளுக்கு நடுவே செருகிய இன்னொரு பாடவேளை அன்று. நூற்பிலிருந்து கணக்கும், பருத்தியிலிருந்து மண்ணியலும் நில அளவையும், நெசவின் வரலாற்றிலிருந்து பொருளாதாரமும் கிளைத்து வரவேண்டும் என்பது அதன் அடிப்படை. இது கைத்தொழிற் கல்விதானே, சமுதாயப் பணியின் வரலாற்றை இங்கிருந்து தொடங்குவது பொருந்துமா என்று கேட்கலாம். 1945 சேவாகிராம மாநாட்டுக்குப் பின் ஆதாரக் கல்வியின் எல்லை குழந்தைப் பருவத்திலிருந்து முதியோர் கல்வி வரை விரிந்தது. ஊர்த் தூய்மை, உடல்நலம், உணவு ஆகியவை அதன் கற்பொருள்களாயின. ஊருக்குச் செய்யும் வேலையே பாடத்தின் மூலப்பொருள் ஆகலாம் என்ற கருத்து, ஒரு கல்விமுறையாக, அங்கேதான் முதலில் உருப்பெற்றது. ஆகவே அதைத் தொடக்கமாகக் கொள்வதில் தவறில்லை.

அக்கருத்து பல்கலைக்கழகத்தை எட்டியபோது இரண்டாகப் பிரிந்தது. 1948–49இல் இராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழுவில் ஜாகிர் உசேனும், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியாரும், அமெரிக்கக் கல்வியாளர் ஆர்தர் மார்கனும் இருந்தனர். வேலையும் படிப்பும் ஒன்றாகும் கிராமியப் பல்கலைக்கழகங்கள் தனியே வேண்டும் என்று அக்குழு வாதிட்டது. நகரத்துக் கல்லூரிகளிலோ மாணவர் சமூக சேவை விருப்பத்தின் பேரில் நடந்தால் போதும் என்றது. இந்தப் பிரிவினையின் விளைவை 1956இல் தொடங்கப்பட்ட கிராமிய உயர்கல்வி நிறுவனங்களில் காணலாம். திண்டுக்கல் அருகே டாக்டர் சௌந்தரமும் ஜி. இராமச்சந்திரனும் வளர்த்த காந்திகிராமமும், கோவை பெரியநாயக்கன்பாளையத்தில் அவினாசிலிங்கம் உருவாக்கிய இராமகிருஷ்ண வித்யாலயமும் அவற்றுள் அடங்கும். ஊர்ப்பணி அங்கே பாடத்திட்டத்துக்குள் இருந்தது. ஆனால் கையில் கிடைத்தது பட்டயம். வேலைச் சந்தை கேட்டதோ பட்டம். காந்திகிராமம் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற 1976 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சேவையோடு பிணைந்த படிப்பு பட்ட மதிப்பில்லாத கிராமத்துப் படிப்பாகவும், பட்டப் படிப்பு சேவை ஒட்டாத படிப்பாகவும் விலகிப் போயின.

கட்டாயமா, விருப்பமா?

1950களின் இறுதியில் கேள்வியே மாறிவிட்டது. 1959 ஆகஸ்டில் அமைக்கப்பட்ட சி.டி. தேஷ்முக் குழு, உயர்நிலைப் பள்ளி முடித்துக் கல்லூரி சேர விரும்பும் ஒவ்வொருவரும் 9 மாதம் முதல் ஓராண்டு வரை கட்டாய தேசிய சேவை செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. செலவும் நடைமுறைச் சிக்கலும் காரணமாக அது ஏற்கப்படவில்லை. 1960இல் பல நாடுகளின் இளைஞர் சேவைத் திட்டங்களை ஆராய்ந்த சையிதைன், விருப்ப அடிப்படையே தக்கது என்று முடிவு சொன்னார். 1937இல் வார்தா குழுவில் அமர்ந்த அதே சையிதைன்தான் இவர். ஆள் தொடர்ந்தார், கேள்வி தொடரவில்லை. வார்தாவில் அவர் முன்னிருந்த வினா, வேலையிலிருந்து பாடம் எப்படிப் பிறக்கும் என்பது. 1960இல் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட வினாவோ, மாணவரை எவ்வளவு காலம், எந்த நிபந்தனையில் பணிக்கு அழைக்கலாம் என்பது. இரண்டாவது வினாவுக்கு ஓர் அரசாணை விடை தந்துவிடும். முதலாவதற்கோ ஒவ்வொரு பாடத்துறையும் தன் பாடத்திட்டத்தையே திருப்பி எழுத வேண்டும். எது எளிதோ அது நிலைத்தது.

1962 சீனப் போர் இந்த நகர்வை விரைவுபடுத்தியது. போரின் விளைவாகத் தேசிய மாணவர் படைப் பயிற்சி கல்லூரிகளில் கட்டாயமாக்கப்பட்டது. அக்கட்டாயத்தைத் தளர்த்தும் பேச்சு எழுந்தபோது, 1967 ஏப்ரலில் கூடிய மாநிலக் கல்வி அமைச்சர்கள் மாநாடு, படையில் சேர விரும்பாதவர்களுக்கு மாற்றாக நாட்டு நலப்பணியையும், விளையாட்டுத் திறமை உள்ளவர்களுக்கு விளையாட்டு அமைப்பையும் முன்மொழிந்தது. தமிழ்நாட்டில் 1965 மொழிப் போராட்டம் உட்பட நாடெங்கும் எழுந்த மாணவர் கிளர்ச்சிகள் அதற்குப் பின்னணியாக இருந்தன. 1964–66இன் கோத்தாரி குழு, பணி அனுபவமும் சமூக சேவையும் கல்வியின் எல்லா நிலைகளிலும் பிரிக்க முடியாத கூறுகளாக வேண்டும் என்று எழுதியிருந்தது உண்மை. ஆயினும் திட்டத்தின் உருவத்தை நிர்ணயித்தது அந்த அறிக்கையைவிட அமைச்சர்கள் கண்ட மாற்று ஏற்பாடே. ஓர் அலகுக்கு 100 மாணவர், ஆண்டுக்கு 120 மணி, இரண்டாண்டில் 240 மணி, ஒரு சிறப்பு முகாம், முடிவில் சான்றிதழ் என்ற அமைப்பில் வகுப்பறையின் சாயலைவிடப் பயிற்சி முகாமின் சாயலே தூக்கலாகத் தெரிகிறது.

அளவைக்கு அப்பால்

திட்டத்தின் அறிவிக்கப்பட்ட நோக்கம் சமுதாயப் பணி வழியே மாணவரின் ஆளுமை வளர்ச்சி. நோக்கத்தில் கல்வி இருக்கிறது, மதிப்பீட்டில் இல்லை. மாணவர் பணிக் குறிப்பேடு எழுதுகிறார், ஆனால் அதிலுள்ள எதையும் அவருடைய முதன்மைப் பாடத்தின் ஆசிரியர் படித்தாக வேண்டியதில்லை. தமிழகப் பல்கலைக்கழகங்கள் விரிவாக்கப் பணியைப் பட்டப் படிப்பின் ‘பகுதி 5’ ஆகச் சேர்த்து அதற்கு ஒரு கிரெடிட் தந்தன. அந்த ஒன்றை நாட்டு நலப்பணியிலும் ஈட்டலாம், மாணவர் படையிலும் ஈட்டலாம், விளையாட்டிலும் ஈட்டலாம். 1967இன் மும்முனைத் தெரிவு அப்படியே பாடத்திட்டத்துக்குள் குடியேறிவிட்டது. இதன் இழப்பு முகாமில் புலப்படும். தத்தெடுத்த ஊரில் மாணவர் ஏழு நாள் தெருக் கூட்டுகிறார்கள். எஞ்சிய நாளெல்லாம் அத்தெருவைக் கூட்டுபவர் யார், அவர் பெரும்பாலும் ஏன் குறிப்பிட்ட சாதிகளைச் சேர்ந்தவராக இருக்கிறார், ஊராட்சி அவருக்கு என்ன ஊதியம் தருகிறது என்ற கேள்விகளை எழுப்ப வேண்டியது பொருளியலும் அரசியலும் சமூகவியலும். அத்துறைகளுக்கு முகாமில் இடமில்லை. கேள்வி எழாத இடத்தில் துடைப்பம் பிடித்த அனுபவம் தற்காலிகப் பெருந்தன்மையாக முடிந்துபோகும். சாதிசார் வேலைப் பிரிவினை அசையாமல் இருக்கும்.

இதற்கு மாறான சான்று தொழிற்கல்வியில் உண்டு. 1946இல் அறிக்கை தந்த, போர் (Bhore) என்பவர் தலைமையிலான சுகாதாரக் குழு, மருத்துவ மாணவருக்கு நோய்த்தடுப்பு, சமூக மருத்துவத்தில் மூன்று மாதப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. இலட்சுமணசுவாமி முதலியார் அக்குழுவிலும் உறுப்பினர் என்பது கருதத்தக்கது. அந்த வழியில் வளர்ந்த சமுதாய மருத்துவம் இன்று தேர்வுக்குரிய தனிப்பாடம். குடும்பங்களைச் சந்தித்து எழுதும் ஆய்வும், பயிற்சி மருத்துவராக ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆற்றும் பணியும் மருத்துவப் படிப்பின் உறுப்புகள். வேளாண் மாணவர் இறுதியாண்டில் ஊரக வேளாண் பணி அனுபவத்துக்காகக் கிராமத்தில் தங்கி, உழவரிடம் கற்றும் உழவருக்குச் செய்துகாட்டியும் மதிப்பெண் பெறுகிறார். சமூகப் பணிப் படிப்பில் களப்பணி இல்லாமல் பட்டமே இல்லை. இம்மூன்றிலும் சேவையில் எதிர்ப்பட்ட சிக்கல் துறை ஆசிரியரிடம் திரும்பி வந்து பாடமாகிறது. வார்தாவின் கருத்து தன் பெயரை இழந்தாலும் இங்கே உயிரோடிருக்கிறது.

இந்த வாதத்துக்கு மூன்று மறுப்புகள் எழக்கூடும். முதலாவது, நாட்டு நலப்பணித் திட்டத்தின் சாதனையை இது குறைத்து மதிப்பிடுகிறது என்பது. 1991இல் தொடங்கிய எய்ட்ஸ் விழிப்புணர்வு முயற்சி, 2004 ஆழிப்பேரலை நிவாரணம், ஆண்டாண்டாக நடக்கும் இரத்ததானம் ஆகியவற்றின் பயனை எவரும் மறுக்க முடியாது. ஆனால் அவை சேவையின் பயனுக்குச் சான்று. கற்றலுக்குச் சான்று வேறு வகையில் வேண்டும். இரண்டாவது, மருத்துவமும் வேளாண்மையும் இயல்பாகவே மக்களைத் தொடுபவை, இயற்பியலுக்கும் இலக்கியத்துக்கும் ஊரில் என்ன வேலை என்பது. வேதியியல் துறை ஊர்க் கிணறுகளின் நீரைச் சோதித்து முடிவை ஊராட்சியிடம் தரலாம். புள்ளியியல் துறை வீடுவீடாகக் கணக்கெடுக்கலாம். தமிழ்த்துறை நாட்டார் வழக்காற்றியலுக்காக ஊர்களில் களஆய்வு செய்து நெடுநாள் ஆகிறது. இணைப்பு எல்லாத் துறைக்கும் ஒரே எளிமையில் அமையாது என்பது சரி, அமையவே அமையாது என்பது நிறுவப்படவில்லை.

மூன்றாவது மறுப்பே வலுவானது. சேவையைப் பாடமாக்கினால் ஊர் ஓர் ஆய்வுக்கூடமாகிவிடும். மாணவர் மதிப்பெண்ணோடு திரும்புவார், ஊருக்குப் படிவங்களை நிரப்பிய களைப்பே மிஞ்சும். இந்த அச்சத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் பாடத்தோடு ஒட்டாத முகாமும் அந்த ஆபத்திலிருந்து தப்பவில்லை. அங்கும் நாள், பணி, ஊர் மூன்றையும் கல்லூரியே தீர்மானிக்கிறது. துறை பொறுப்பேற்றால், அதே ஊருக்கு ஆண்டுதோறும் திரும்பவும், முந்தைய மாணவர் கண்டதைப் பிந்தையவர் தொடரவும், முடிவுகளைக் கிராம சபையில் வைக்கவும் வழி பிறக்கும். கணக்குக் கேட்க ஊருக்கு அப்போது ஒரு முகவரியாவது இருக்கும்.

1970களின் இறுதியில் பல்கலைக்கழக மானியக் குழு, கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் நிகரான மூன்றாம் கடமையாக விரிவாக்கத்தை ஏற்றது. 2020 தேசியக் கல்விக் கொள்கை சமுதாய ஈடுபாட்டைப் பாடத்திட்டத்தில் சேர்க்கச் சொன்னது. 2022இல் மானியக் குழு அதற்காக 2 கிரெடிட் பாடம் ஒன்றை வகுத்துத் தந்தது. வகுப்பறையையும் களத்தையும் ஒரே பாடத்துக்குள் கொண்டுவந்தது முன்னேற்றமே. எனினும் அது எல்லாத் துறைகளுக்கும் பொதுவான தனிப்பாடமாக நிற்கும் வரை, மணிக்கணக்கு கிரெடிட் கணக்காக மாறியதற்கு மேல் பெரிதாக ஒன்றும் நிகழாது. முப்பதாண்டுக் குழுக்களின் வரலாறு காட்டுவது இது: கட்டாயமா விருப்பமா என்ற விவாதம் கல்வியின் உள்ளடக்கத்தை ஒருபோதும் தொட்டதில்லை. தீர்மானிக்க வேண்டிய இடம் திட்ட அலுவலரின் அறை அன்று, ஒவ்வொரு துறையின் பாடத்திட்டக் குழு. ஊரில் மாணவர் கண்டதைப் பற்றி அத்துறையின் தேர்வுத்தாளில் ஒரு வினாவாவது இடம்பெறும்போதுதான் 1937இல் எழுந்த முதற்கேள்விக்கு உயர்கல்வி விடையளிக்கத் தொடங்கியதாகக் கொள்ள முடியும்.