ஒட்டுப்புல்

ஒட்டுப்புல், வெப்பமண்டல ஆசியாவைச் சேர்ந்த, பல்லாண்டு வாழும் படர்புல். தாவரவியற் பெயர் கிரைசோபோகன் அசிக்குலேட்டஸ், சிங்களத்தில் துத்திரி. இலங்கைக்கு உரிய புல்லே ஆயினும், அளவுக்கு மீறி மேய்ந்த தரையில் மற்றப் புற்களை ஒதுக்கிக் களையாகிவிடுகிறது. ஐக்கிய அமெரிக்கா இதைத் தன் கூட்டாட்சித் தீங்குக்களைப் பட்டியலில் வைத்துள்ளது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் பாதையோரம், மைதானம், லயன் முற்றம், மாடு கட்டும் தரிசு ஆகியன இதற்கேற்ற இடங்கள்.

அடையாளம்

தண்டு தரையோடு ஓடிக் கணுக்கள்தோறும் வேர்விடும். இலை குட்டையானது, ஓரம் சற்றே நெளிந்திருக்கும். பூக்கும்போது மட்டும் மெல்லிய காம்பு முழங்கால் உயரம்வரை எழும். அதன் நுனியில் செவ்வூதா நிறக் கதிர். கதிரின் கிளைகள் முதலில் காம்போடு ஒட்டி நின்று, பின்னர் விரியும். முற்றிய விதையின் அடி ஊசிபோல் கூர்ந்து, பின்னோக்கிய நுண்மயிர்களைக் கொண்டது. அதனால் துணியில் தைத்தால் உள்ளே ஏறுமே தவிர எளிதில் கழன்று வராது.

அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து பரவிய சென்கிரஸ் எக்கினாட்டஸ் என்ற முட்புல் வேறு. அது ஓராண்டுப் புல். அதன் விதைகள் முள் சூழ்ந்த உருண்டைகளுக்குள் இருக்கும்.

பரவலும் தீங்கும்

இளம் இலையை மாடு தின்னும். முற்றிய விதையோ தோலில் தைத்துப் புண்ணாக்கும். உயரமான புல் மேய்ச்சலில் அழிய, தரையோடு கிடக்கும் இது வாய்க்கும் குளம்புக்கும் தப்பிவிடும். சத்துக் குறைந்து இறுகிய மண்ணையும் தாங்கும். விதை ஆட்டுமாட்டின் மயிரிலும் மனிதர் உடையிலும் ஒட்டி இடம் மாறும்.

கட்டுப்பாடு

மேய்ச்சல் முறை மாறாமல் பிடுங்குவதால் மட்டும் இது ஒழியாது. நிலத்தைப் பிரித்து, ஒரு பகுதியில் மாடு கட்டும்போது மற்றதற்கு ஓய்வு தர வேண்டும். இறுகிய மண்ணைக் கொத்தித் தண்டுகளைத் திரட்டி அகற்றி, சாணவெரு இட்டு, கினிப்புல் அல்லது கோயம்புத்தூரில் உருவான கோ-3 புல்லை நட்டால், அவற்றின் நிழலில் ஒட்டுப்புல் நலியும். கொத்தாத இடத்தில், கதிர் முற்றுமுன் அறுக்க வேண்டும். விதை ஒட்டிய கால்நடையைச் சுத்தம் செய்த பிறகே வேறிடத்துக்கு ஓட்ட வேண்டும்.

கிளைபோசேற்று என்ற களைக்கொல்லி இலங்கையில் 2015இல் தடைசெய்யப்பட்டு, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டது. 2022இல் தடை நீங்கியது. ஆயினும் அது நல்ல புல்லையும் சேர்த்தே கொல்லும். வெறுமையான தரையில் ஒட்டுப்புல்லே முதலில் முளைக்கக்கூடும்.

ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரி போன்ற இடங்களில், செங்குத்தான பாதைச்சரிவிலும் கான் கரையிலும் இதன் வேர் மண்ணைப் பிடித்து நிற்கிறது. இப்பகுதிச் சரிவுகளில் மண் சரியும் ஆபத்து உண்டு: கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் 2016 மே மாதம் பெரும் மண்சரிவு நேர்ந்தது. எனவே மேய்ச்சல் தரையில் இதை அகற்றினாலும், சரிவுகளில் கதிரை மட்டும் அறுத்து, வேரை விட்டுவைப்பதே தகும்.