ஏழு நாளில் வெள்ளை: ஒரு டப்பாவின் பூர்வீகம்



போன தவணையில் எங்கள் ஆசிரியர் அறைக்கு ஒரு சின்ன டப்பா வந்தது. சாதாரண தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி டிக்டொக்கில் பார்த்து, வட்ஸ்அப்பில் ஓடர் கொடுத்து எடுத்த கிறீம். கொழுந்து பறிக்கும் தாயின் இரண்டு நாள் பேருக்கு மேலே விலை. பெருநாளும் தீபாவளியும் நெருங்கினால் தலவாக்கலைக்கு இப்படிப் பல டப்பாக்கள் வருகின்றன. மூடியில் "ஏழே நாளில்" என்று இருந்தது. செய்த கம்பனியின் முகவரி எங்கும் இல்லை.

பிள்ளையை நாங்கள் ஏசவில்லை. அந்த வயதில் கண்ணாடி முன்னால் நின்றவர்கள்தான் நாங்களும். ஆனால் அந்த டப்பா எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தோம். படித்ததை எழுதுகிறோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முகத்துக்குப் பூசும் எதையும் "ஸ்னோ" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் சிலர் வீட்டில் இருப்பார்கள். அந்தச் சொல்லைப் பரப்பியவற்றில் ஒன்று "ஆப்கான் ஸ்னோ". 1919இல் பம்பாயில் இ. எஸ். பட்டன்வாலா என்ற வாசனைத் திரவிய வியாபாரி தொடங்கியது. ஆப்கானிஸ்தான் மன்னர் அதைப் பார்த்து, தன் நாட்டுப் பனி ஞாபகம் வருகிறது என்றாராம், பெயர் அப்படி வந்ததாம். கதை உண்மையோ இல்லையோ, ஒரு மன்னர் பாராட்டினார் என்பது நல்ல விளம்பரம். இன்று மன்னருக்குப் பதிலாக ஐந்து இலட்சம் பேர் பின்தொடரும் ஒரு பெண் போனுக்கு முன்னால் இருக்கிறாள். மன்னரிடமாவது யாரும் டிஸ்கவுண்ட் கோட் கொடுக்கவில்லை.

1975இல் ஹிந்துஸ்தான் லீவர் இந்தியாவில் "ஃபெயார் அன்ட் லவ்லி"யைக் கொண்டுவந்தது. அதில் முக்கியமாக இருந்தது நியாசினமைட், அதாவது விட்டமின் பி3 வகை. அது நஞ்சல்ல. அதன் கேடு வேறு இடத்தில் இருந்தது. கறுத்த பெண்ணுக்கு வேலை இல்லை, மாப்பிள்ளை இல்லை. கிறீம் பூசினாள், இரண்டும் வந்தன. பக்கத்தில் கறுப்பிலிருந்து வெள்ளைக்குப் போகும் முகங்களின் வரிசை. பல வருடம் இதை எங்கள் வீட்டு டீவியில் பார்த்தோம். 2020இல், அமெரிக்காவில் கறுப்பின மக்களின் போராட்டம் உலகமெங்கும் எதிரொலித்தபோது, கம்பனி பெயரை "க்ளோ அன்ட் லவ்லி" என்று மாற்றியது. பெயர் போனாலும் அந்த "முன் – பின்" படம் போகவில்லை. இன்றைய முப்பது விநாடி வீடியோ அதையேதான் திரும்பக் காட்டுகிறது.

பெரிய கம்பனி ஆசையை வளர்த்தது. அந்த ஆசைக்கு அவசரமாகத் தீனி போட்டது முகவரி இல்லாத டப்பா. அப்படிப் பல டப்பாக்களுக்குள் இருப்பது பாதரசம், காய்ச்சல் பார்க்கும் பழைய கண்ணாடிக் குழாயில் ஓடிய அதே இரசத்தின் உப்பு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாக ஒரு நொதியம் வேண்டும். பாதரசம் அந்த நொதியத்தை முடக்குகிறது. ஆகவே முகம் வெளுப்பது உண்மை. ஏமாற்று அங்கே இல்லை. பூசியது தோலோடு நிற்காமல் இரத்தத்துக்குள் இறங்கி சிறுநீரகத்துக்குப் போகிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயமும் அல்ல. 1972இல் கென்யாவின் நைரோபி வைத்தியர்கள் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார்கள். உடல் வீங்கி, சிறுநீரில் புரதம் போய்க்கொண்டிருந்த 60 நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் பாதரசம் கலந்த வெளுப்புக் கிறீம் பூசியவர்கள். நான்கு வருடம் கழித்து, 1976இல், ஐரோப்பா சில விதிவிலக்குகளோடு அழகுசாதனங்களில் பாதரசத்தைத் தடுத்தது. தன் மக்களுக்குத்தான் தடுத்தது. பாதரசச் சவர்க்காரத்தை வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்வதற்கான தடை 2003இல்தான் வந்தது. இடையில் போன இருபத்தேழு வருடங்களும் ஆபிரிக்கப் பெண்களின் தோலில் போயின. இதைப் படித்தபோது எங்களுக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை.

நைரோபி தூரம் என்று நினைக்க வேண்டாம். கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டெம்பர் வரை ஒரு வைத்தியசாலைக்கு வந்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகள் 22 பேரை வைத்தியர்கள் ஆராய்ந்தார்கள். 15 பேரிடம் அரிதான ஒரே அடையாளம் தென்பட்டது. அந்த 15 பேரில் 13 பேர் வெளுப்புக் கிறீம் பூசியதை ஒப்புக்கொண்டார்கள். மலப்புரத்தில் எங்களைப் போன்ற முஸ்லிம் குடும்பங்கள்தான் அதிகம், கல்யாண வீட்டில் "பிள்ளை வெள்ளையா?" என்ற கேள்வி அங்கேயும் இருக்கிறது. ஒரு ஆறுதல்: கிறீமை நிறுத்தியதும் பெரும்பாலானோருக்கு நோய் தணிந்தது.

பூசுகிறவரோடு இது முடிவதும் இல்லை. 2010இல் அமெரிக்காவின் கலிபோர்னியா, வேர்ஜினியா மாநிலங்களில் இப்படிப்பட்ட கிறீம் பாவித்த வீடுகளைச் சோதித்தபோது, பூசாதவர்களின் உடலிலும் பாதரசம் கூடியிருந்தது. துவாய், தலையணை, கை வழியாகவும் ஆவியாகவும் அது பரவுகிறது. ஒரே லயத்துக் காம்பராவில் ஒரே பாயில் கைக்குழந்தையோடு படுக்கும் அக்காமார் இதைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் நாடு சும்மா இருந்ததா? மினமாட்டா என்பது ஜப்பானில் கழிவுப் பாதரசத்தால் ஊரே நோய்ப்பட்ட ஒரு கரையோரப் பட்டினம். அதன் பெயரால் 2013இல் உருவான சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 2017இல் இணைந்தது. அழகுசாதனத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் இருக்கக் கூடாது என்று முதலில் இருந்தது. 2023இல் ஜெனீவாவில் கூடி, 2025க்குப் பிறகு துளியும் கூடாது என்றார்கள். சட்டம் கடைக்கு வரும். வட்ஸ்அப்பில் வரும் பார்சலைத் திறந்து பார்ப்பது யார்?

நாம்தான். பார்ப்பது பெரிய வித்தையும் அல்ல. தோலின் மேலடுக்கு தன்னைப் புதுப்பிக்கச் சுமார் நான்கு வாரம் எடுக்கும். மூன்று நாள், ஏழு நாள் என்று எவராவது சொன்னால், ஒன்று பொய். இல்லாவிட்டால் உள்ளே பாதரசமோ பீட்டாமெத்தசோன், குளோபெட்டசோல் போன்ற ஸ்டீரொய்டோ இருக்கிறது. பொய்யாக இருப்பதே நல்லது. ஸ்டீரொய்ட் என்றால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், நிறுத்தினால் முன்பை விட மோசமாகச் சிவக்கும். லேபலில் "கெலோமெல்", "மெர்க்கியூரஸ் குளோரைட்", "அமோனியேட்டட் மெர்க்கியூரி" என்று எது இருந்தாலும் பாதரசம்தான். பொருட்களின் பட்டியலே இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான்.

எங்கள் வீட்டுப் பழக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. பிள்ளையின் கண்ணுக்கு இடும் சுர்மாவில் சில வகை ஈயத்தால் ஆனது. பழையது, ஊரிலிருந்து வந்தது, ஹாஜியார் கொண்டுவந்தது என்பதெல்லாம் பரிசோதனை ஆகாது.

இன்னொன்று. நாம் இருப்பது ஏறத்தாழ நாலாயிரம் அடி உயரத்தில். குளிருகிறதே என்று நினைத்தாலும், உயரம் கூடக் கூட வெயிலின் புற ஊதாக் கதிர் கூடும். காலையிலிருந்து மலையில் நிற்கும் தாயின் கறுத்த முகம் அந்தக் கதிருக்கு உடம்பே பிடித்த குடை. மெலனினை அழித்துவிட்டு அதே மலைக்கு ஏறினால் தோல் இன்னும் எரியும். வீடியோவில் வரும் பெண் கொழுந்து பறிப்பதில்லை.

அந்த டப்பாவுக்கு வருவோம். அடியில், கண்ணாடி போட்டு வாசிக்க வேண்டிய ஆங்கில எழுத்தில், தங்கம், வெள்ளி, அலுமினியத்தில் படாமல் பாவிக்கவும் என்று ஒரு வரி. பாதரசம் தங்கத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்படியொரு எச்சரிக்கை இருந்தால் பாதரசம் இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. மோதிரத்துக்கு ஆகாதது முகத்துக்கு ஆகும் என்று விற்றிருக்கிறார்கள். பிள்ளை அந்த வரியை இரண்டு தரம் வாசித்தாள். "சேர், வீட்டில தங்கச்சியும் பூசினா" என்றாள்.

வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் இன்றே நிறுத்துங்கள். குப்பையில் வீசவோ எரிக்கவோ வேண்டாம். மூடியை இறுக்கி, பொலித்தீன் பையில் கட்டி, பிள்ளைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள். கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ இருந்தால் லிந்துலையோ டிக்கோயாவோ நுவரெலியாவோ, வைத்தியரிடம் போகும்போது அந்தப் பையையும் எடுத்துப் போங்கள். விற்றவரைப் பற்றி முறையிட நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் இலக்கம் 1977.