பெயர்த்தெடுக்கக்கூடிய பொன்

ஹவாய்த் தீவுகளின் ஹொனலூலு நகரில், கடலைப் பார்த்தபடி நிற்கும் ஷாங்க்ரி லா மாளிகைக்குள் ஒரு மிஹ்ராப் இருக்கிறது. மக்காவை நோக்கிய கிப்லா திசையைக் காட்டும் தொழுகை மாடம். பன்னிரண்டு அடிக்கும் மேல் உயரம். முழுக்கப் பொன்மினுக்குத் தீட்டிய ஓடுகளை ஒன்றோடொன்று பொருத்திக் கட்டியது. ஹிஜ்ரி 663, ஷஃபான் மாதம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. அதாவது 1265 மே. செய்தவர் அலீ இப்னு முஹம்மது இப்னு அபீ தாஹிர். அவர் பெயரும் அதில் உண்டு.

அலீ ஈரானின் காஷான் நகரத்துக் குயவர். தந்தை முஹம்மது, மகன் யூசுஃப் என்று தலைமுறை தலைமுறையாக அந்தக் குடும்பம் தர்காக்களுக்கு மிஹ்ராப்களும் கபர் மேல் பதிக்கும் ஓடுகளும் செய்து கொடுத்தது. மங்கோலியப் படையெடுப்பில் நகரங்கள் அழிந்து, 1258இல் பாக்தாதும் விழுந்து, அதற்கு ஏழே ஆண்டுகள் கழித்து வந்த வேலை இது. அந்த இடிபாடுகளுக்கு நடுவே இப்படியொரு பொறுமை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

அந்தப் பொறுமை எத்தகையது என்பது நமக்குத் தெரிவதற்குக் காரணம் அலீயின் இன்னொரு மகன். அபுல் காசிம் சூளைப் பக்கம் நிற்காமல் அரசவை வரலாற்றாசிரியர் ஆனவர். ஆனால் 1301இல் மணிக்கற்களையும் நறுமணப் பொருள்களையும் பற்றி எழுதிய நூலில், வீட்டுத் தொழிலின் ரகசியத்தையும் ஓர் அத்தியாயமாக எழுதி வைத்தார். பத்துப் பங்கு அரைத்த குவார்ட்ஸ் கல், ஒரு பங்கு கண்ணாடித் தூள், ஒரு பங்கு வெண்களிமண்: ஓட்டின் உடம்பு இதுதான். அதன்மேல் வெள்ளீயம் கலந்த வெண்மையான கண்ணாடிப் பூச்சு. புகை படியாமலிருக்கப் பட்டை உரித்த விறகை எரித்து ஒரு முறை சுடுவார்கள். பெரும்பாலான ஓடுகளின் கதை இங்கே முடிந்துவிடும்.

இவற்றுக்கு இனிமேல்தான் தொடக்கம். வெள்ளியும் செம்பும் சேர்ந்த கலவையை நைய அரைத்து, புளித்த திரவத்தில் குழைத்து, சுட்டு ஆறிய ஓட்டின்மேல் தூரிகையால் தீட்டுவார்கள். பிறகு இதற்கென்றே கட்டிய இரண்டாவது சூளை. முதல் சூட்டில் எந்தப் புகையை விரட்டினார்களோ, அதையே இப்போது வேண்டி அழைப்பார்கள்: மூன்று இரவு, மூன்று பகல், இளஞ்சூட்டில் புகை. புகை சூழ்ந்த சூளைக்குள் பிராணவாயு போதாது. நெருப்பு அந்த உலோகக் கலவையிலிருந்து அதைப் பறித்துக்கொள்ளும். வெள்ளியும் செம்பும் கண்ணாடிப் பூச்சின் மேற்பரப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களாகத் தங்கிவிடும். சூடு கூடினாலும் குறைந்தாலும் எல்லாம் பாழ். ஆறிய பின் வெளியே எடுக்கும்போது ஓடு மங்கலாக, அழுக்காகத்தான் இருக்கும். ஈர மண்ணால் தேய்த்தால்தான் அடியிலிருந்து பொன்னிறம் எழும். இத்தனையிலும் அதில் ஒரு குன்றிமணி தங்கம்கூடக் கிடையாது.

இந்தக் குடும்பம் சுவர்களை ஓடு ஓடாகச் செய்தது. அதுதான் இந்தக் கதையின் முடிச்சு. சூளையின் வாய் சிறியது. மாடத்தை முழுசாகச் சுட முடியாது. துண்டுகளாக இருந்ததால்தான் காஷானிலிருந்து 150 கிலோமீட்டருக்கும் மேல் வடக்கே, தெஹ்ரானுக்குத் தெற்கிலுள்ள வராமின் ஊருக்கு அவை போய்ச் சேர முடிந்தது. அங்கே இமாம் ஹசனின் வழித்தோன்றலான யஹ்யா அடங்கியிருக்கும் தர்கா, இமாம்சாதா யஹ்யா. மிஹ்ராபுக்கு முன்பே, 1262, 1263இல், சுவரின் கீழ்ப்பகுதியை மூட நட்சத்திர ஓடுகளும் சிலுவை வடிவ ஓடுகளும் தயாராகிவிட்டன. நட்சத்திரம் ஒவ்வொன்றும் ஓரடி அகலம். அக்கால அரண்மனை ஓடுகளில் மனிதரும் விலங்கும் உண்டு. இது புனித இடம் என்பதால் இலையும் கொடியும் மட்டுமே, விளிம்பைச் சுற்றிக் குர்ஆன் வசனங்கள். 1305இல் கபரை மூடிய ஓடுகளில் யூசுஃபின் பெயர் இருக்கிறது. தகப்பன் செய்த மாடமும் மகன் செய்த மூடியும் ஒரே கூரையின்கீழ் அரை ஆயிரம் ஆண்டுக்கும் மேல் இருந்தன.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஐரோப்பாவுக்குப் பொன்மினுக்கின்மேல் தீராத மோகம் பிடித்தது. பெர்சியத் தந்தித் துறையின் தலைவராக இருந்த ராபர்ட் மர்டாக் ஸ்மித், லண்டனின் சவுத் கென்சிங்டன் அருங்காட்சியகத்துக்காகப் பொருள்கள் வாங்கினார். தெஹ்ரானில் வாழ்ந்த ஃபிரெஞ்சுக்காரர் ஜூல் ரிஷாரின் சேகரிப்பை 1875இல் அவர் மொத்தமாக வாங்கி அனுப்பினார். வராமின் நட்சத்திரங்கள் அந்தக் காலத்தில்தான் லண்டனை எட்டின. 1881இல் ஜேன் தியூலஃபுவா என்ற ஃபிரெஞ்சுப் பயணி தர்காவுக்குள் நுழைந்தபோது சுவரின் ஓடுகள் பல களவு போயிருந்தன. ஆனால் மிஹ்ராப் தன் இடத்தில் இருந்தது. அதுவும் சில பத்தாண்டுகளில் கழற்றப்பட்டது. ஹகோப் கெவோர்க்கியன் என்ற வணிகரின் கைக்கு வந்து, 1931இல் லண்டனில் நடந்த பெர்சியக் கலைக் கண்காட்சியில் உலகின் பார்வைக்கு நின்றது. 1940இல் அவரிடமிருந்து அதை வாங்கியவர் அமெரிக்கப் புகையிலைச் செல்வத்தின் வாரிசான டோரிஸ் டியூக். அப்படித்தான் அது அவருடைய ஷாங்க்ரி லா மாளிகைக்கு, பசிபிக் பெருங்கடலைப் பார்க்கப் போனது.

யூசுஃபின் கபர் ஓடுகள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. நட்சத்திரங்களும் சிலுவைகளும் பல நாட்டு அருங்காட்சியகங்களில் ஒன்றும் இரண்டுமாகச் சிதறிக் கிடக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு நட்சத்திரத்தைத் தனியாக வைப்பது, பாட்டிலிருந்து ஒரு சொல்லை மட்டும் பிடுங்கி மேசைமேல் வைப்பது போலத்தான். நட்சத்திரத்தின் முனைகளுக்கு இடையில் சிலுவை வந்து உட்கார வேண்டும். நாம் நடக்க நடக்க ஒளி ஓட்டுக்கு ஓடு தாவி, பழுப்பாகக் கிடந்தது பொன்னாகி மறுபடி பழுப்பாக வேண்டும். அசையாத விளக்கின்கீழ் ஒற்றை ஓடு அந்த வேலையைச் செய்யாது. காட்சிக் குறிப்புகள் பலவற்றில் காஷான் என்ற பெயர் முன்னால் நிற்கிறது. இமாம்சாதா யஹ்யா என்ற பெயரும் அதே அளவு எழுத்தில் அருகில் நிற்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். சூளை பிறந்த ஊர், தர்கா வாழ்ந்த ஊர்.

வராமினில் அந்தத் தர்கா பாழடைந்துவிடவில்லை. மக்கள் இப்போதும் ஜியாரத்துக்கு வருகிறார்கள். ஓடுகளுக்கு மேலே 1307இல் சுதையில் செதுக்கிய எழுத்துப் பட்டை இருந்தது. அது சூளையிலிருந்து துண்டுகளாக வந்ததல்ல. ஈரச் சுதையை அங்கேயே சுவர்மேல் பூசிக் குடைந்தது. அது இன்றும் அங்கேதான் இருக்கிறது.